ஷெவெல் காரின் தேய்ந்த டிக்கிக் கீல்களைச் சரிசெய்யும் முறை

1968 முதல் 1972 வரை வெளிவந்த இரண்டாம் தலைமுறை ஷெவர்லே ஷெவெல் கூபேக்களில் டிக்கி மூடி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்பதும், மூடும்போது பக்கத் தகட்டின் ஓரத்தில் உரசிப் பெயின்ட்டைச் சுரண்டுவதும் பழகிப்போன தொல்லைகள். பலர் போல்ட்டுகளை இறுக்கியே காலம் தள்ளுகிறார்கள். போல்ட் தளர்ந்திருந்தால் அது போதும். கீலே தேய்ந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் மூடி மறுபடியும் இறங்கிவிடும். போன்டியாக் ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ், பியூக் ஸ்கைலார்க் ஆகியவையும் ஜெனரல் மோட்டார்ஸின் அதே ஏ-பாடி அடித்தளத்தில் உருவானவை என்பதால், சிறு மாற்றங்களுடன் இந்த முறை அவற்றுக்கும் உதவும்.

தேய்மானம் எங்கே என்று பார்த்தல்

மூடியைப் பாதியளவு திறந்து, ஒருவர் அதன் பின்விளிம்பைப் பிடித்து மெல்ல இடவலமாகவும் மேலும் கீழுமாகவும் அசைக்க, மற்றவர் கீலின் அச்சாணியான பின் (pin) மீது விரலை வைத்துப் பார்க்க வேண்டும். மூடிக்கும் அதைத் தாங்கும் கீல் கைக்கும் இடையே ஆட்டம் தெரிந்தால் கோளாறு போல்ட்டில் இருக்கிறது. கீல் கைக்கும் பின்னுக்கும் இடையே தெரிந்தால் புஷ் (துளையில் பின்னைச் சுற்றிப் பொருத்தும் வளையக் குழல்) போட வேண்டிய வேலை. பின்னைத் தாங்கும் கீல் பெட்டி முழுவதுமாக அசைந்தால் அதைத் தாங்கும் தகடு துருப்பிடித்துவிட்டது என்று பொருள். பின்பக்கக் கண்ணாடியின் அடியிலுள்ள பள்ளத்தில் நீர் தேங்கித் துருப்பிடிப்பது, அதிலும் வினைல் கூரை போர்த்திய கார்களில், அடிக்கடி காணும் சங்கதி. அப்படியிருந்தால் தகட்டு வேலையை முடித்துவிட்டுத்தான் கீலைத் தொட வேண்டும்.

முறுக்குக் கம்பிகளைக் கழற்றுதல்

மூடியைத் தூக்கி நிறுத்துவது, பின் இருக்கைக்குப் பின்னால் குறுக்காகச் செல்லும் இரண்டு முறுக்குக் கம்பிகள். மூடியிருக்கும்போது அவற்றின் முறுக்கு மிக அதிகம், முழுவதும் திறந்திருக்கும்போது மிகக் குறைவு. ஆகவே மூடியை முழுவதும் திறந்து, இருபுறமும் மரச்சட்டம் முட்டுக் கொடுத்த பிறகே கம்பியைத் தொட வேண்டும். முறுக்கு குறைவு என்றால் அறவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கம்பியின் நுனி பற்களுள்ள தாங்கியில் அமர்ந்திருக்கும். எந்தப் பல்லில் அமர்ந்திருக்கிறது என்று பெயின்ட் மார்க்கரால் குறித்துக்கொண்டு, நுனியின் மீது நீளமான இரும்புக் குழாயைச் செருகி, நெம்பி, மெதுவாக விட வேண்டும். பிளையரோ வைஸ் கிரிப்போ இந்த வேலைக்கு ஆகாது. அவை வழுக்கும், கம்பி விரலையோ முகத்தையோ பதம் பார்க்கும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இரண்டும் கட்டாயம்.

அடுத்து, கீல் கை மூடியில் அமர்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி மெல்லிய கோடு வரைந்துவிட்டு, இருவராக மூடியைக் கழற்றிப் போர்வை மேல் வைக்க வேண்டும். அமெரிக்கக் காராகையால் அங்குல சாக்கெட்டுகளே பொருந்தும்.

பின்னும் துளையும்

பின்னின் தட்டி விரிக்கப்பட்ட நுனியைக் கிரைண்டரால் தேய்த்துவிட்டு, பஞ்ச் வைத்துத் தட்டினால் வெளியே வந்துவிடும். வராவிட்டால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு காத்திருக்கலாம்; சுத்தியலின் எடையைக் கூட்டினால் கீல் பெட்டிதான் வளையும்.

புதிய பின்னை மட்டும் போட்டுவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பதுதான் இங்கே பெரும்பாலோர் சறுக்கும் இடம். வெளியே எடுத்த பின்னைக் காலிப்பரால் அளந்தால், நடுவில் ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகியிருப்பது தெரியும். துளையும் அதே திசையில் முட்டை வடிவமாகியிருக்கும். முட்டைத் துளைக்குள் வட்டப் பின்னைப் போட்டால் ஆட்டம் குறையுமே தவிரப் போகாது. அந்தப் பின், கீல் பெட்டியில் அசையாமல் இருக்க, கீல் கை மட்டும் சுழல வேண்டும். பெட்டியிலும் பின் தளர்ந்திருந்தால் அங்குள்ள துளைகளும் தேய்ந்திருக்கும் என்பதால் எல்லாத் துளைகளையும் இரு திசைகளில் அளக்க வேண்டும்.

பெட்டி உடலோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், அதிலுள்ள தேய்ந்த துளையை வெல்டிங்கால் நிரப்பி, மீண்டும் துளையிடுவதே நல்லது. கீல் கை மேசைக்கு வந்துவிடுவதால் அதில் விளிம்புள்ள வெண்கல புஷ் போடலாம். எடுத்துக்காட்டாக, பின் 5/16 அங்குலம் என்றால் வெளிவிட்டம் 7/16 அங்குலமுள்ள புஷ் தேவைப்படும். துளையைச் சற்றுச் சிறியதாகத் துளைத்து, இறுதி அளவை ரீமரால்தான் (துளையைத் துல்லியமாகச் சீவி அகலமாக்கும் கருவி) கொண்டுவர வேண்டும்; மெல்லிய தகட்டில் துரப்பணம் மட்டும் ஓடினால் துளை மூன்று மூலையாகிவிடும். மின் துரப்பணத்தில் மாட்டும் ரீமரைவிடக் கையால் திருகும் ரீமரையே நான் விரும்புகிறேன்: எங்கே இறுகுகிறது என்பது கைக்குத் தெரியும். கீல் கையின் இரு பக்கங்களிலும் துளைகள் நேர்கோட்டில் அமைய, ஒரே ரீமரை ஒரே ஓட்டத்தில் இரண்டிலும் செலுத்த வேண்டும். தனித்தனியே செய்தால் பின் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் மூடியின் பின்விளிம்பில் அது பெரிதாகத் தெரியும்.

புஷ்ஷைச் சுத்தியலால் அடிக்காமல், நீள போல்ட், நட், வாஷர் கொண்டு இழுத்து அமர்த்துங்கள். எண்ணெய் ஊறிய வெண்கல புஷ்களின் உட்புறத்தை ரீமரால் தேய்க்கக் கூடாது, நுண்துளைகள் அடைபடும். கிரீஸும் அடைக்கும் என்பதால், கெட்டியான மோட்டார் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

மீண்டும் பொருத்துதல்

மூடியைக் கோடுகளுக்கு ஏற்ப அமர்த்தி, போல்ட்டுகளைப் பாதி இறுக்கி, பூட்டின் கொக்கியைக் கழற்றிவிட்டு, மெதுவாகத் தாழ்த்திப் பாருங்கள். கொக்கி இருந்தால் அது மூடியைத் தன் பக்கம் இழுத்து, கீலின் பிழையை மறைத்துவிடும். பக்க இடைவெளிகள் இருபுறமும் சமமான பிறகே முழுதாக இறுக்க வேண்டும். முறுக்குக் கம்பிகள் கடைசியில், மூடி முழுவதும் திறந்த நிலையில், குறித்து வைத்த அதே பல்லில். அதன் பிறகு கொக்கி.

பிற்சேர்க்கை

கீல் கைக்குப் பவுடர் கோட்டிங் செய்யலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். செய்யலாம், ஆனால் புஷ் போடும் முன்னர். அடுப்பின் சூடு புஷ்ஷிலுள்ள எண்ணெயை வெளியேற்றிவிடும், வெல்டிங்கும் அப்படியே. துளைகளைப் பூச்சு படாமல் அடைத்துவைப்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு நண்பர், பின்னாளில் ஸ்பாய்லர் பொருத்திய தன் காரில் மூடி நிற்கவில்லை என்றும், கம்பியை அடுத்தடுத்த பல்லுக்கு ஏற்றியதாகவும் எழுதினார். ஒரு பல் வரை ஏற்றலாம். அதற்கு மேல் போனால் பின்னின் மேல் சுமை கூடி, புதிய புஷ்ஷும் சீக்கிரமே தேயும்; பாரம் அதிகமென்றால் ஸ்பாய்லரின் எடையைக் குறைப்பதுதான் வழி.

புதிய ரப்பர் சீல் போட்டவர்களுக்கு மூடி உயர்ந்து நிற்பதாகத் தோன்றலாம். அதைக் கீலில் சரிசெய்ய முற்படாமல், சில நாட்கள் மூடியே வைத்திருங்கள். ரப்பர் அமர்ந்த பிறகு அளந்து பாருங்கள்.