டெர்மினல்ல ஷார்ட்கட் அடிக்கும்போது நாம பண்ற தப்புங்க

டெர்மினல்ல, அதாவது கமாண்டை எழுத்தா அடிச்சு கம்ப்யூட்டரை வேலை வாங்குற விண்டோவுல, நீளமா ஒரு கமாண்ட் அடிச்சு முடிச்சப்புறம்தான் மொத வார்த்தையிலயே ஸ்பெல்லிங் தப்புன்னு கண்ணுல படும். உடனே லெஃப்ட் ஆரோவை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு கர்சர் ஊர்ந்து போறத வேடிக்கை பாப்போம். கண்ட்ரோல் ஏ அடிச்சா வரியோட ஆரம்பம், கண்ட்ரோல் இ அடிச்சா கடைசி, அவ்வளவுதான். இதுல நேரம்தான் வீணாகும், வேலையையே கெடுக்குற தப்புங்க வேற இருக்கு.

கண்ட்ரோல் எஸ்ஸையே எடுத்துக்கங்க. எடிட்டர்ல சேவ் பண்ணிப் பழகின விரல் இங்கயும் தானா அங்க போயிடும், ஸ்கிரீன் அப்படியே நின்னுடும், எந்த எழுத்த அடிச்சாலும் தெரியாது. சர்வர்தான் தொங்கிடுச்சுன்னு நெனச்சு விண்டோவையே மூடின ஆள் நான். உண்மையில எதுவும் தொங்கல, அது அவுட்புட்டை நிறுத்தி வைக்கச் சொல்ற பழைய டெர்மினல் காலத்து சிக்னல், கண்ட்ரோல் க்யூ அடிச்சா திரும்ப ஓட ஆரம்பிச்சிடும். ஆனா நின்னுபோன நேரத்துல கோவத்துல என்னென்ன அடிச்சு என்டர் தட்டுனீங்களோ அதெல்லாம் இப்ப வரிசையா ஓடும், அதனால அந்த நேரத்துல கைய வச்சுக்கிட்டு சும்மா இருங்க.

அடுத்தது கண்ட்ரோல் ஆர். பழைய கமாண்டைத் தேடுறதுக்கு இத மாதிரி ஒண்ணு கெடையாது, ஆபத்தும் இதுலதான் அதிகம். நாலு எழுத்து அடிச்சதும் ஏதோ ஒண்ணு வந்து நிக்கும், நாம தேடினதுதான்னு நெனச்சு படிக்காமலே என்டர் தட்டுவோம், அது போன மாசம் ஒரு ஃபோல்டரையே அழிக்க அடிச்ச கமாண்டா இருக்கும். என்டருக்குப் பதிலா ரைட் ஆரோவோ கண்ட்ரோல் இ-யோ அடிங்க, கமாண்ட் ஓடாம வரியில வந்து உக்காரும், படிச்சுப் பாத்துட்டு ஓட விடலாம். வேணாம்னா கண்ட்ரோல் ஜி.

பாதி கமாண்ட் அடிச்சிட்டு நடுவுல வேற ஒண்ணு ஓட்டணும்னா பலரும் கண்ட்ரோல் சி அடிச்சுடுறாங்க. பாஷ்ல (நாம அடிக்கிற கமாண்டை வாங்கி ஓட்டுற ஷெல் புரோகிராம்) அப்படி விட்ட வரி, பழைய கமாண்டுகளைச் சேத்து வைக்கிற ஹிஸ்டரியிலயும் சேராது, போனது போனதுதான். கண்ட்ரோல் யு அடிச்சா கர்சருக்கு முன்னாடி இருக்குற எல்லாம் வெட்டுப்படும், வேற வேலைய முடிச்சுட்டு கண்ட்ரோல் ஒய் அடிச்சா அப்படியே திரும்ப வரும். இன்னொரு ஷெல்லான இசட்ஷெல்ல (zsh) மட்டும் கண்ட்ரோல் யு கர்சர் எங்க இருந்தாலும் முழு வரியையும் வெட்டும், ரெண்டையும் மாத்தி மாத்தி யூஸ் பண்றவங்க மாட்டிக்கிற எடம் இது.

கண்ட்ரோல் இசட் இங்க அன்டூ கெடையாது! ஓடிக்கிட்டு இருக்குற புரோகிராமை அது தூங்க வச்சிடும். டெர்மினலுக்குள்ளயே ஓடுற விம் எடிட்டர்ல எழுதிட்டு இருக்கும்போது தெரியாம அடிச்சிட்டு, எடிட்டர் மூடிடுச்சுன்னு அதே ஃபைலைத் திரும்பத் தொறந்தா ஸ்வாப் ஃபைல் (திருத்தும்போது விம் வச்சுக்கிற தற்காலிக ஃபைல்) இருக்குன்னு எச்சரிக்கை வரும். எஃப்ஜி-ன்னு (fg) ரெண்டு எழுத்து அடிச்சு என்டர் தட்டுனா பழையது எழுந்து வந்துடும். நெஜமான அன்டூ கண்ட்ரோலும் அண்டர்ஸ்கோரும்.

பிரவுசருக்குள்ள டெர்மினல் ஓட்டுறவங்க கண்ட்ரோல் டபிள்யூ-வ மறந்துடுங்க, வார்த்தைய அழிக்கப் போய் டேபே மூடிடும்.

நீளமான கமாண்டை எடிட்டர்லயே திருத்தலாம், பாஷ்ல கண்ட்ரோல் எக்ஸ், அடுத்து கண்ட்ரோல் இ. இதுலயும் ஒரு குழி இருக்கு, எடிட்டரை மூடின உடனே அந்தக் கமாண்ட் ஓடிடும், சேவ் பண்ணாம வெளிய வந்தாலும் பழைய வரி ஓடும். மனசு மாறிட்டா எல்லா வரியையும் அழிச்சு, காலி ஃபைலா சேவ் பண்ணிட்டு வெளிய வாங்க.