ரிக்குக்கு வழிகாட்டி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு பத்து மணி. அனிமேட்டர் ஒருவர் ஷாட்டைத் திறக்கிறார். கதாபாத்திரம் மேசையில் கையை ஊன்றி எழுந்திருக்க வேண்டும். கையை மேசைமேல் வைத்துவிட்டு இடுப்பை நகர்த்தினால் கையும் சேர்ந்து போகிறது. பக்கத்துப் பலகத்தில் ஒரு ஸ்லைடர் இருக்கிறது, அதில் 1 என்று காட்டுகிறது. அந்த 1 எதைக் குறிக்கிறது? கதாபாத்திரத்தை அசைக்கும் எலும்புகளும் கட்டுப்பாடுகளும் சேர்ந்த அமைப்புதான் ரிக். அதைச் செய்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். வழிகாட்டியைத் திறந்தால் முதல் பக்கத்தில் ரிக்கில் மொத்தம் 412 எலும்புகள் இருப்பதாக எழுதியிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் முதுகெலும்பு எப்படிக் கட்டப்பட்டது என்று நீண்ட விளக்கம். கையைப் பற்றி ஒரே ஒரு வரி: "கைக்கு ஐகே, எஃப்கே இரண்டும் உண்டு."

இப்படி ஒரு வழிகாட்டியை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு மூன்று பேர் ஒரு வாரம் தவித்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகுதான் இந்த வேலையைக் கடைசி நாள் மாலைக்குத் தள்ளிவைப்பதை விட்டேன். கீழே சொல்பவற்றைப் பெரும்பாலும் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். மாயா என்ற இன்னொரு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கும் பாதிக்கு மேல் அப்படியே பொருந்தும்.

முதல் தவறு, மற்ற எல்லாவற்றுக்கும் வேர், நாம் கட்டியதை எழுதுவது. ஒரு ரிக்கைப் பல வாரம் கட்டிய கைக்கு, எது கடினமாக இருந்ததோ அதைச் சொல்லத்தான் ஆசை வரும். அனிமேட்டருக்கு அதில் எதுவும் வேண்டாம். இதை ஷாட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது, எதைப் பிடித்து இழுப்பது, என்னென்ன ஸ்விட்சுகள் இருக்கின்றன, எந்த இடத்தில் உடையும், இவ்வளவுதான் அவருடைய கேள்விகள். கட்டிய விதமும் முக்கியம்தான், ஆனால் அது அடுத்து வரும் ரிக்கருக்கு. இரண்டு பேருக்கும் ஒரே கோப்பில் எழுதினால் இருவருமே படிக்க மாட்டார்கள். தனித்தனியாக எழுதுங்கள்.

ஷாட்டுக்குள் கொண்டுவருவதிலிருந்தே தொடங்குவோம். "லிங்க் செய்துகொள்ளவும்" என்று மட்டும் எழுதினால் போதாது. லிங்க் என்றால் மூலக் கோப்போடு தொடர்பை விடாமல் ரிக்கைக் கொண்டுவருவது. கோப்புக்குள் பொருள்களைத் தொகுத்து வைத்த பத்து கலெக்‌ஷன்கள் இருக்கும். எந்தப் பெயருள்ள கலெக்‌ஷனை லிங்க் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு லைப்ரரி ஓவர்ரைடு (லிங்க் செய்ததை ஷாட்டுக்குள் மாற்ற அனுமதிப்பது) செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாராவது அப்பென்ட் செய்துவிடுவார்கள். அப்பென்ட் செய்த ரிக் அந்த ஷாட்டுக்குள் ஒரு தனி நகலாகிவிடும். நீங்கள் பிறகு மூலக் கோப்பில் முழங்கையைச் சரிசெய்தாலும் அந்த ஷாட்டுக்கு அது போய்ச் சேராது.

அப்புறம் அந்தப் பழைய புகார்: "பேனல் வரவில்லை." ரிகிஃபை போன்ற கருவிகளில் உருவான ரிக்குகளுக்குப் பக்கத்தில் தெரியும் கட்டுப்பாட்டுப் பேனல், கோப்புக்குள் இருக்கும் ஒரு பைதான் ஸ்கிரிப்ட்டிலிருந்து வருகிறது. பாதுகாப்புக்காகப் பிளெண்டர் இப்படிப்பட்ட ஸ்கிரிப்டுகளைத் தானாக ஓட விடாது. பிரிஃபரன்ஸில் அதற்கான அனுமதி முதலில் அணைந்தே இருக்கும். அனுமதி கொடுத்த பிறகும் சில நேரம் கோப்பைச் சேமித்து மீண்டும் திறந்தால்தான் பேனல் வரும். இந்த இரண்டு வரியை வழிகாட்டியின் மேலேயே எழுதிவிட்டால் பாதித் தொலைபேசி அழைப்புகள் நின்றுவிடும். கூடவே ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: நம் குழுவின் கோப்புகளுக்கு மட்டும் அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள். இணையத்தில் இறக்கிய யாரோ ஒருவரின் கோப்புக்கும் அதே அனுமதி போய்விடக் கூடாது.

பிளெண்டரின் எந்தப் பதிப்பு என்று குறிக்காமல் விடுவதும் இதே வகைதான். 3.2 பதிப்பில் லிங்க் செய்த ரிக்கை ஷாட்டில் அசைக்கப் பயன்பட்ட பழைய பிராக்ஸி முறை நீக்கப்பட்டது. "பிராக்ஸி போடவும்" என்று சொல்லும் வழிகாட்டி அன்றோடு செத்தது. 2023-இல் வந்த 4.0-வில் எலும்புகளுக்கான 32 லேயர்கள் போய், பெயர் வைத்துக்கொள்ளக்கூடிய எலும்புக் கலெக்‌ஷன்கள் வந்தன. அதற்கு முன் "3-வது லேயரில் விரல்கள், 19-வது லேயரில் முகத்தின் நுணுக்கக் கட்டுப்பாடுகள்" என்று பட்டியல் போடுவோம். இன்று அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு புதியவர் ஒருவர் 19-ஐத் தேடிக்கொண்டிருப்பார். பதிப்பு எண்ணை முதல் வரியிலேயே போடுங்கள்.

இப்போது அந்த 1-க்கு வருகிறேன். எஃப்கே என்றால் தோளிலிருந்து ஒவ்வொரு மூட்டாகச் சுழற்றிக் கையை நகர்த்துவது. ஐகே என்றால் மணிக்கட்டை ஓரிடத்தில் வைத்தால் முழங்கை தானே மடங்கிக்கொள்வது. மேசையில் ஊன்றிய கைக்கு ஐகே வேண்டும். ரிகிஃபையில் 0 என்றால் ஐகே, 1 என்றால் எஃப்கே. மாயாவின் ஐகே ஹேண்டிலில் இருக்கும் பிளெண்ட் மதிப்பிலோ 1 என்றால்தான் ஐகே. இரண்டிலும் வேலை செய்து பழகியவர் எதை நினைத்துக்கொண்டு ஸ்லைடரைத் தொடுவார்? "ஐகே எஃப்கே ஸ்விட்ச்" என்ற பெயர் அவருக்கு எதையும் சொல்வதில்லை. "0 ஐகே, 1 எஃப்கே, ஷாட் தொடங்கும்போது 0" என்று எழுத வேண்டும்.

அதை எழுத வேண்டிய இடம் தனிக் கோப்புகூட இல்லை, ஸ்லைடரேதான். பிளெண்டரில் கஸ்டம் பிராப்பர்ட்டியை (நாமே சேர்க்கும் ஸ்லைடர் மதிப்பை) திருத்தும் பெட்டியில் விளக்கம் எழுத ஓர் இடம் இருக்கிறது. அதில் எழுதியது, சுட்டியை ஸ்லைடர்மேல் கொண்டுபோனால் குறிப்பாகத் தெரியும். இத்தனை ஆண்டுகளில் நான் திறந்து பார்த்த பெரும்பாலான ரிக்குகளில் அந்த இடம் காலியாகத்தான் கிடந்தது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அனிமேட்டர் கண்ணும் கையும் ஏற்கெனவே அங்கேதான் இருக்கின்றன. அதே பெட்டியில் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புகளையும் இயல்பு மதிப்பையும் சரியாகப் போடுங்கள். லைப்ரரி ஓவர்ரைடுக்கு அனுமதி உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்விட்சின் பொருளைச் சொன்னால் மட்டும் வேலை முடியாது, ஷாட்டின் நடுவில் மாற்றும் முறையையும் சொல்ல வேண்டும். காற்றில் வீசி வரும் கை எஃப்கேயில் இருக்கிறது, 48-ஆம் ஃப்ரேமில் மேசையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 47-இல் ஸ்லைடருக்கும் கைக் கன்ட்ரோல்களுக்கும் ஒரு கீ, அதாவது அந்த ஃப்ரேமில் மதிப்பைப் பதிவு செய்வது. 48-இல் பேனலில் இருக்கும் ஸ்னாப் பொத்தானை அழுத்தி, ஐகே கன்ட்ரோலை எஃப்கே கை இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து, ஸ்லைடரை மாற்றி, எல்லாவற்றுக்கும் கீ. ஸ்லைடரின் கீ இரண்டுக்கும் நடுவில் மெதுவாக நழுவாமல் சட்டென்று மாறும்படி கான்ஸ்டன்ட் ஆக்க வேண்டும். இந்த வரிசை வழிகாட்டியில் இல்லாவிட்டால் ஒவ்வோர் அனிமேட்டரும் தனக்குத் தெரிந்த வழியில் செய்வார். கை ஒரு ஃப்ரேம் துள்ளும், பழி ரிக்கின்மேல் விழும்.

சுழற்சி முறையையும் கன்ட்ரோல் வாரியாகக் குறித்துவிடுங்கள். பிளெண்டரில் எலும்புகள் இயல்பாகக் குவாட்டர்னியனில், அதாவது சுழற்சியை நான்கு எண்களால் குறிக்கும் முறையில், இருக்கும். தலைக்கும் மணிக்கட்டுக்கும் மூன்று அச்சுகளில் ஒவ்வொன்றாகச் சுழற்றும் ஆய்லர் முறை பிடிக்கும் என்று அனிமேட்டர் பாதி ஷாட்டில் மாற்றினால், அதுவரை போட்ட குவாட்டர்னியன் கீகள் எதுவும் வேலை செய்யாது. ஆய்லரில் வரிசையும் முக்கியம். நடு அச்சு 90 டிகிரியை நெருங்கும்போது மற்ற இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். எந்த மூட்டுக்கு எந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு சிறு அட்டவணை போதும்.

இடது வலது குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயர் முடிவில் எல் என்று இருந்தால் அது கதாபாத்திரத்தின் இடது. முன்பக்கப் பார்வையில் அது திரையின் வலப்பக்கம் இருக்கும். படத்தில் அம்புக்குறி போட்டு "இடது கை" என்று மட்டும் எழுதாமல், அது யாருடைய இடது என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது வேறொன்றுக்கு: ரிக்கால் செய்ய முடியாததை எழுதுவதற்கு. நாங்கள் ஒரு குறும்படத்தில் பாட்டி கதாபாத்திரம் ஒன்றைச் செய்தோம். சேலைக்குக் கொசுவத்தின் வழியே ஓர் எலும்புச் சங்கிலி, முழங்காலோடு சேர்ந்து நகரும்படி. நடந்தால் அழகாக அசையும், நாற்காலியில் உட்கார்ந்தாலும் சரி. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கொசுவம் தொடைக்குள் புகுந்துவிடும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வழிகாட்டியில் எழுதவில்லை. பிறகு சரிசெய்துவிடலாம், அதற்குள் ஏன் குறையைப் பட்டியல் போட வேண்டும் என்று நினைத்தேன். கதையிலோ பாட்டி திண்ணையில் சம்மணம் போட்டு வெற்றிலை இடிக்கும் காட்சி இருந்தது. நான்கு ஷாட்டுகள் முடிந்த பிறகுதான் ரெண்டரில் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு வரி முன்பே எழுதியிருந்தால் கேமராவை இடுப்புக்கு மேல் வைத்திருப்பார்கள், அல்லது அந்தக் காட்சிக்கு மட்டும் தனியாக ஒரு திருத்த ஷேப் கீ (வடிவத்தைச் சரிசெய்யும் ஸ்லைடர்) கேட்டிருப்பார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ரிக்கோடும் "எங்கே உடையும்" என்று ஒரு பக்கம் வைக்கிறேன். தோளை எந்த உயரம் வரை தூக்கிப் பார்த்தேன், முழங்கை எவ்வளவு மடங்கிய பிறகு தோல் நசுங்குகிறது, வாயை முழுவதும் திறந்துகொண்டே சிரிக்க வைத்தால் உதட்டோரம் என்ன ஆகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம், சரியாக இருக்கும் கடைசிப் போஸ் ஒன்று, உடைந்த போஸ் ஒன்று. மாற்று வழி தெரிந்தால் அதுவும். உடைந்த போஸைப் படம் எடுத்துக் காட்டக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அனிமேட்டர்கள் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

படங்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது நிமிட வீடியோ ஒன்றை எடுத்து வைத்துவிட்டு எழுத்தில் எதுவுமே இல்லாமல் விடுவது பரவலாகிவிட்டது. கட்டைவிரல் கன்ட்ரோலைத் தேடுபவர் வீடியோவில் எங்கே போய்த் தேடுவார்? வீடியோ இருக்கட்டும், நிமிடக் குறிப்போடு இருக்கட்டும். நடையையும் பிடிமானத்தையும் அசைத்துக் காட்ட வீடியோதான் நல்லது. பெயரும் மதிப்பும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து வரும் ரிக்கருக்கான கோப்பில் நேரும் தவறு, என்ன இருக்கிறது என்று எழுதிவிட்டு ஏன் என்பதை விட்டுவிடுவது. முன்கைச் சுழற்சிக்காக ஓர் எலும்பு மணிக்கட்டின் சுழற்சியை 0.5 அளவில் நகலெடுக்கிறது. இது கோப்பைத் திறந்தால் யாருக்கும் தெரியும். அந்த 0.5 வேண்டுமென்றே வைத்தது, தோல் சாக்லேட் தாளைப் போல முறுக்கிக்கொள்ளாமல் பாதி தூரத்திலேயே பரவுவதற்காக, என்பது தெரியாது. தெரியாதவர் அதைப் பிழை என்று நினைத்து 1 ஆக்குவார். ஓர் எலும்பில் அடுக்கிய கன்ஸ்ட்ரெயின்ட்டுகள் (அசைவைக் கட்டுப்படுத்தும் விதிகள்) மேலிருந்து கீழாகக் கணக்கிடப்படும் என்பதால், "இந்த வரிசையை மாற்றினால் முழங்கால் பின்னால் மடங்கும்" என்ற ஒரு வரிக்கு அவ்வளவு மதிப்பு. ஒரு மதிப்பை வைத்து இன்னொன்றை இயக்கும் டிரைவர்களுக்கும் இதேதான். இவற்றைப் பிளெண்டரின் டெக்ஸ்ட் எடிட்டரில் எழுதி அதே கோப்புக்குள் வைத்துவிடுங்கள். தனியாக வைத்த ஆவணம் நாலு முறை ஃபோல்டர் மாறிய பிறகு காணாமல் போகும், ரிக் கோப்புக்குள் இருப்பது ரிக்கோடு போகும்.

விளையாட்டுக்கான ரிக் என்றால் ஏற்றுமதி அமைப்பையும் எழுதுங்கள். எஃப்பிஎக்ஸ் கோப்பு வடிவ ஏற்றுமதியில் உடலை நேரடியாக வளைக்கும் டிஃபார்ம் எலும்புகள் மட்டும் போக வேண்டுமா என்பதற்கு ஒரு தேர்வு இருக்கிறது. ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும் கூடுதல் எலும்பு சேர்க்கும் தேர்வு முதலிலிருந்தே போட்டிருக்கும். எதை அணைப்பது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு சொன்னால் போதும்.

கடைசியாகப் பெயர் மாற்றம். ரிக் முடிந்து ஷாட் வேலை தொடங்கிய பிறகு ஏதோ ஒரு கன்ட்ரோலின் பெயர் நமக்கே பிடிக்காமல் போகும். மூலக் கோப்பில் மாற்றினால் அங்கே எல்லாம் ஒழுங்காகவே தெரியும், ஏனென்றால் அந்தக் கோப்புக்குள் இருக்கும் அசைவுப் பதிவுகளான ஆக்‌ஷன்களைப் பிளெண்டரே திருத்திவிடும். ஷாட் கோப்புகளில் இருப்பவற்றை அது தொடாது. அங்கே கீகள் எலும்பின் பெயரை எழுத்தாகவே வைத்துத் தேடுகின்றன. பழைய பெயர் இல்லை என்றால் அந்த அசைவு அப்படியே நின்றுபோகும். எனவே பெயரை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் மாற்றக் குறிப்பில் எழுதுங்கள். "சில திருத்தங்கள் செய்யப்பட்டன" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். எங்கள் குறிப்பில் ஒரு பதிவு இப்படி இருக்கும்: "பதிப்பு 14. இடது முழங்கையின் திசையைக் காட்டும் கன்ட்ரோலின் பெயர் மாறியது, பழைய பெயர் இது, புதிய பெயர் இது. 7, 9, 12-ஆம் ஷாட்டுகளில் அதற்குக் கீ இருக்கிறது, அவற்றைத் திறந்து திருத்த வேண்டும். மற்ற ஷாட்டுகளைத் தொட வேண்டாம்."