கிராஸ், அக்ராஸ், த்ரூ, ஓவர், பாஸ்ட்: எங்கே எதைப் போடுவது?

தமிழில் சாலையையும் கடக்கிறோம், காட்டையும் கடக்கிறோம், கடலையும் கடக்கிறோம். ஆங்கிலமோ கடக்கப்படும் பொருள் எப்படிப்பட்டது, கடப்பவர் எந்தத் திசையில் போகிறார் என்று பார்த்துத்தான் சொல்லைத் தருகிறது. வினைச்சொல், பிரிபொசிஷன் ஆகியவை என்னவென்று தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: வினை எது என்று பாருங்கள்

'கிராஸ்' வினைச்சொல், 'அக்ராஸ்' பிரிபொசிஷன். "சாலையைக் கடந்தான்" என்பதில் ஐ உருபு செய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் தேவையில்லை என்பதால், 'ஹி கிராஸ்டு தி ரோடு' என்பதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது. 'அக்ராஸ்' தனியாக நிற்காது. அதற்கு நடத்தல், ஓடுதல், நீந்துதல் என ஏதாவது ஒரு வினை துணை வேண்டும். 'ஹி ரேன் அக்ராஸ் தி ரோடு' என்றால் ஓடிக் கடந்தான் என்பதும் சேர்ந்தே தெரிகிறது. 'கிராஸ்டு அக்ராஸ் தி ரோடு' என்பது கூறியது கூறல். 'அக்ராஸ்டு' என்ற சொல்லைப் பொது ஆங்கிலம் ஏற்பதில்லை.

படி 2: குறுக்கேயா, ஊடேயா?

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த இடம் இதுதான். பரப்பின் மேல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனால் 'அக்ராஸ்', சுற்றிலும் ஏதாவது சூழ்ந்திருக்க நடுவே புகுந்து போனால் 'த்ரூ' என்று இலக்கண நூல்கள் சொல்லும். வெட்டவெளி மைதானத்துக்கு முன்னதும், காட்டுக்கும் கூட்டத்துக்கும் பின்னதும் பொருந்துவது எளிதில் விளங்கும். ஆனால், கடல் விஷயத்தில் இந்த விதி மட்டும் போதாது.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாயை எடுத்துக்கொள்வோம். டோவர் நீரிணையில் அதன் மிகக் குறுகிய அகலம் ஏறத்தாழ 33 கி.மீ. 1875இல் மேத்யூ வெப் அதை நீந்திக் கடந்தார்: 'ஸ்வாம் அக்ராஸ் தி சேனல்'. 1909இல் லூயி பிளேரியோ விமானத்தில் கடந்தார்: 'ஃப்ளூ அக்ராஸ்' என்றாலும் சரி, உயரத்தை நினைத்து 'ஃப்ளூ ஓவர்' என்றாலும் சரி. 1994இல் திறக்கப்பட்ட சுரங்கத்தில் ஓடும் ரயிலோ 'த்ரூ தி டனல்', 'அண்டர் தி சேனல்' போகிறது. இவை எல்லாம் கரையிலிருந்து எதிர்க்கரைக்குப் போகும் பயணங்கள். வடகடலிலிருந்து அட்லாண்டிக்குக்குப் போகும் சரக்குக் கப்பலும் அதே நீரில்தான் மிதக்கிறது. ஆயினும் அது 'த்ரூ தி சேனல்' போகிறது என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் இரு கரைகளுக்கும் நடுவே, கால்வாயின் நீளவாக்கில் அது செல்கிறது. ஐயம் வரும்போது தமிழில் "குறுக்கே" என்று சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் 'அக்ராஸ்', "வழியாக" அல்லது "ஊடாக" என்றுதான் வருகிறதென்றால் 'த்ரூ'.

படி 3: "தாண்டி" என்பதை இரண்டாகப் பிரியுங்கள்

திருடன் சுவரைத் தாண்டினால் ஏறி இறங்குகிறான். அது 'ஓவர் தி வால்'. பேருந்து கோயிலைத் தாண்டிப் போனால் பக்கவாட்டில் கடந்துபோகிறது. அது 'பாஸ்ட் தி டெம்பிள்'. 'பாஸ்' என்ற வினையின் இறந்தகாலமும் இதே ஒலியுடையது என்பதால் எழுத்தில் குழப்பம் வரும். வாக்கியத்தில் 'வென்ட்' போன்ற வேறொரு வினை ஏற்கெனவே இருந்தால் எஸ், டி என முடியும் வடிவத்தையும் (past), இல்லாவிட்டால் ஈ, டி என முடியும் வினையையும் (passed) எழுதுங்கள்.

படி 4: பெயர்ச்சொற்கள்

நாட்டுக்கு நாடு மாறுபவை இவை. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. பிரிட்டனின் 'ஜீப்ரா கிராஸிங்' அமெரிக்காவில் 'கிராஸ்வாக்'. நம்மூரிலும் வழங்கும் 'ஃப்ளைஓவர்' அங்கே 'ஓவர்பாஸ்'. சாலைகள் சந்திக்கும் 'ஜங்ஷன்' அங்கே 'இன்டர்செக்ஷன்'. நாற்சந்தியைக் குறிக்கும் 'கிராஸ்ரோட்ஸ்' பன்மைபோல் தோன்றினாலும், ஒரே ஒரு சந்திக்கும் 'எ கிராஸ்ரோட்ஸ்' என்றே எழுத வேண்டும்.

எந்த அகராதி?

இந்த வேலைக்கு ஆங்கிலம்–தமிழ் அகராதியை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் "கடந்து" என்ற பொருளையே பல சொற்களுக்கும் தந்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். லாங்மன், ஆக்ஸ்ஃபோர்டு நிறுவனங்களின் கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பொருளைப் படிப்பதற்கு முன் அவற்றின் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள்.

பின்சேர்க்கை

'தி பேங்க் இஸ் அக்ராஸ் தி ரோடு' என்றால் வங்கி சாலையை மறித்துக்கொண்டு நிற்கிறதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 'அக்ராஸ்' அசைவில்லாத பொருளோடு வரும்போது எதிர்ப்புறத்தில் இருப்பதையும் குறிக்கும், குறுக்கே கிடப்பதையும் குறிக்கும். வங்கி என்றால் முன்னதைத்தான் எவரும் நினைப்பார்கள். 'எ ட்ரீ அக்ராஸ் தி ரோடு' என்றாலோ புயலில் விழுந்த மரம் நினைவுக்கு வரக்கூடும். நிற்கும் மரத்தைச் சொல்வதானால் எதற்கு எதிரே என்பதையும் சேர்த்து, 'அக்ராஸ் தி ரோடு ஃப்ரம் தி ஸ்கூல்' என்று எழுதிவிடுங்கள்.