முதியோரின் நாள்பட்ட இரத்தசோகை: காரணம் அறிந்து உணவமைக்கும் முறை

வயதானால் உடலில் இரத்தம் குறைவது இயல்புதான் என்ற எண்ணத்தால், முதியவரின் களைப்பும் மூச்சிரைப்பும் தலைசுற்றலும் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகின்றன. உலக சுகாதார அமைப்பின் அளவுகோலின்படி, ஹீமோகுளோபின் ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராமுக்கும் பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே இருந்தால் அது இரத்தசோகை. முதியவர்களுக்கென்று தாழ்த்தப்பட்ட தனி அளவு அதில் கிடையாது. இரத்தம் மெதுவாகக் குறையும்போது உடல் அதற்குப் பழகிவிடுவதால், 9 கிராமில் இருப்பவர்கூடக் கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்று மட்டுமே சொல்லக்கூடும்.

உணவை மாற்றுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை அவசியம். முழு இரத்த அணுப் பரிசோதனையோடு, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து), சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றையும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவையும், பருத்திருந்தால் பி12 அல்லது ஃபோலேட் குறைவையும் அவர் முதலில் சந்தேகிப்பார். இரண்டு வகைக் குறைவும் ஒருவருக்கே இருந்தால் அணுக்களின் சராசரி அளவு சரியாக இருப்பதுபோல் தோன்றி ஏமாற்றிவிடும். ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்பின் இருப்பு தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். நீடித்த அழற்சி உள்ளவர்களுக்கு அந்த எண் தானாகவே உயர்ந்து காட்டும் என்பதால், அவர்களிடம் 100 வரை இருந்தாலும் இரும்புக் குறைவு ஒளிந்திருக்கக்கூடும்.

இரும்புச்சத்துக் குறைவு உறுதியானால், இரத்தம் எங்காவது கசிகிறதா என்று கண்டறிவதே அடுத்த வேலை. இதில் தயக்கம் காட்டவே கூடாது. வயிற்றுப்புண், தினமும் விழுங்கும் ஆஸ்பிரின், மூட்டுவலி மாத்திரை, பெருங்குடல் புற்றுநோய் என எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாக இரத்தத்தை வெளியேற்றலாம். மூலநோய் இருப்பதால்தான் இப்படி என்று நாமே முடிவு கட்டிவிட்டுக் குடல் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

இனி உணவுக்கு வருவோம். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி குடலில் எளிதாக உறிஞ்சப்படுகிறது. பருப்பு, பயறு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்பு அவ்வளவு எளிதில் சேர்வதில்லை. அதே வேளை உணவோடு வைட்டமின் சி சேர்ந்தால் இந்த இரண்டாம் வகை இரும்பின் உறிஞ்சுதல் கணிசமாகக் கூடும் என்பதால், பருப்பும் கீரையும் பரிமாறும் தட்டிலேயே எலுமிச்சைச் சாறோ புளிப்புப் பழமோ இருக்கட்டும். வைட்டமின் சி சூட்டில் அழியும். ஆகவே எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழியுங்கள்.

சாப்பிட்டு முடித்த கையோடு தேநீரோ காபியோ குடிக்கும் வழக்கம் இந்த முயற்சியைப் பெரிதும் வீணாக்கிவிடுகிறது. அவற்றில் உள்ள பாலிஃபீனால்கள் குடலிலேயே இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன; கால்சியம் மாத்திரையும் உறிஞ்சுதலைக் குறைக்கிறது. தேநீரை அறவே நிறுத்தச் சொன்னால் பல முதியவர்கள் வருந்துவார்கள், நிறுத்தவும் தேவையில்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ நகர்த்தினாலே போதும்.

எவ்வளவு நல்ல உணவாக இருந்தாலும் பாதித் தட்டு மீந்துபோனால் பயனில்லை. தளர்ந்த பல்செட்டு ஈறில் உரசுவதால் இறைச்சியை ஒதுக்கும் முதியவர், கேட்டால் பசியில்லை என்றே சொல்லக்கூடும். ஆகவே அவர் எதை ஒதுக்குகிறார் என்பதை அருகிலிருந்து கவனியுங்கள். குழைய வேகவைத்த பருப்பு, முட்டை, மசித்த மீன் ஆகியவற்றைச் சிறு அளவில் நாளைக்கு ஐந்தாறு முறை கொடுக்கலாம். சிறுநீரக நோய் இல்லாத முதியவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவைப்படுகிறது.

பி12-இன் கதை வேறு. அன்றாடத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான் என்றாலும், வயது ஏற ஏற இரைப்பையில் அமிலம் குறைவதாலும், மெட்ஃபார்மின் (நீரிழிவு மருந்து), ஒமெப்ரசோல் (இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்து) போன்றவற்றை நெடுநாள் உட்கொள்வதாலும், அசைவம் சாப்பிடுபவருக்கும்கூட இச்சத்து உணவிலிருந்து சரியாகச் சேராமல் போகலாம். அப்போது மாத்திரையோ ஊசியோதான் வழி. பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்தால் இரத்த எண்ணிக்கை தேறிவிட்டதுபோல் தெரியும். உள்ளே நரம்புச் சேதம் தொடர்ந்துகொண்டிருக்கும். பாத எரிச்சல், மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரத்தத்தைப் பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரையைத் தொடங்கக் கூடாது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களுக்கு இரும்புக் குறைவு இல்லாமலேயே சிவப்பணுக்கள் சிறுத்திருக்கும். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து அடுத்த வேளை இரும்பைத் தடுப்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும் முறையை மருத்துவர்கள் சிலருக்குப் பரிந்துரைக்கிறார்கள். மலச்சிக்கலால் மாத்திரையைக் கைவிடும் முதியவருக்கு இது ஏற்றதா என்று கேட்டுப்பாருங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி தேவை. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல், இருப்பு நிரம்புவதற்காக மேலும் சுமார் 3 மாதம் தொடர வேண்டியிருக்கும்.

சிறுநீரக நோயால் வரும் இரத்தசோகைக்கு, சிவப்பணுக்களை உருவாக்க எலும்பு மஜ்ஜையைத் தூண்டும், சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனின் சுரப்பு குறைவதே முக்கியக் காரணம் என்பதால், உணவால் மட்டும் அது தீராது. கீரையிலும் பருப்பிலும் உள்ள பொட்டாசியம் அவர்களில் சிலருக்குக் கெடுதலாகவும் முடியும். மேலே சொன்ன உணவு முறையை அவர்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்டே பின்பற்ற வேண்டும்.

சிகிச்சை தொடங்கி 4 வாரத்தில் ஹீமோகுளோபினை மீண்டும் பாருங்கள். ஏறவில்லையென்றால் மாத்திரை உடலில் சேரவில்லை, அல்லது கசிவு நிற்கவில்லை, அல்லது காரணமே வேறு. இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. அது தார்போலப் பிசுபிசுத்துக் கடும் நாற்றம் வீசினாலோ, நெஞ்சுவலி, மயக்கம், ஓய்விலும் மூச்சுத்திணறல் வந்தாலோ உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.