கார் ஓடி உழைக்க வந்தவர்களுக்கு: பில்லை விடுங்கள், கிலோமீற்றரை எழுதுங்கள்

கனடாவுக்கு வந்து சில மாதங்களிலேயே ஒரு பழைய காரை வாங்கி, செயலியைப் போட்டு, சாப்பாடு கொண்டுபோகவோ ஆட்களை ஏற்றவோ தொடங்கிவிடுகிறோம். ஸ்காபரோவில் இப்போது பலருக்கு அதுதான் முதல் வேலை. எங்கள் காலத்தில் உணவகத்தில் கோப்பை கழுவினோம். வரியைக் கழித்துக்கொண்டுதான் சம்பளம் தந்தார்கள். செயலியில் வருவது முழுக் காசு. அதைப் பார்த்தவுடன் எல்லாமே நம்முடையது என்று தோன்றும். ஊரில் ஓட்டோ ஓடிய யாரும் இறைவரித் திணைக்களத்துக்குக் கிலோமீற்றர் கணக்குக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. இங்கே கேட்பார்கள்.

படிவ வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுயதொழில் வருமானத்துக்கு ரி-2125 படிவம். அனுப்புவதற்கு ஜூன் 15 வரை நேரம் உண்டு, ஆனால் காசு கட்டக் கடைசி நாள் ஏப்ரல் 30. அதற்குப் பிறகு வட்டி ஏறும். கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளி போட வேண்டிய பங்கையும் நீங்களே போட வேண்டும். ஆட்களை ஏற்றுபவர்கள் முதல் டொலரிலிருந்தே எச்.எஸ்.ரி என்ற விற்பனை வரிக்குப் பதிய வேண்டும். 2017 ஜூலையிலிருந்து சட்டம் அப்படி. சாப்பாடு மட்டும் கொண்டுபோகிறவருக்குத்தான் 30,000 டொலர் எல்லை. “செயலி வருமானத்தை யாரடா பார்க்கப்போகிறான்” என்று ஒரு அண்ணை சொல்வார். 2024ஆம் ஆண்டு வருமானத்திலிருந்து அந்த நிறுவனங்களே கனடாவின் வரித் திணைக்களமான சி.ஆர்.ஏ-க்கு விவரம் அனுப்புகின்றன. அண்ணையிடம் சொல்லுங்கள்.

இனிக் கார்ச் செலவு. பெற்றோல், காப்புறுதி, திருத்த வேலை, எண்ணெய் மாற்றம், டயர், கார்க் கடனின் வட்டி எல்லாம் கணக்கில் வரும். மாதாமாதம் கட்டும் கார்த் தவணை முழுவதையும் கழிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. வட்டி மட்டும்தான் செலவு. காரின் விலையைத் தேய்மானமாக, மீதிப் பெறுமதியில் பொதுவாக ஆண்டுக்கு 30 வீதம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழிக்கலாம். பொலிஸ் எழுதிய தண்டத்தையும் நகரசபை செருகிவிட்டுப்போன பார்க்கிங் தண்டத்தையும் கொண்டுபோகாதீர்கள். வேலைக்காகக் கட்டிய பார்க்கிங் கட்டணம் வேறு. அது முழுதாகக் கழியும். வேலைக்கென்று கூடுதலாக எடுத்த காப்புறுதியும் அப்படித்தான்.

மற்றச் செலவெல்லாம் ஒரு பின்னத்தால் பெருக்கப்படும். வேலைக்கு ஓடிய கிலோமீற்றர் மேலே, அந்த ஆண்டு கார் ஓடிய மொத்தக் கிலோமீற்றர் கீழே. 40,000 ஓடியதில் 28,000 வேலைக்கு என்றால் 70 வீதம். செலவு 12,500 டொலர் என்றால் 8,750 கழிக்கலாம். கிலோமீற்றருக்கு இத்தனை சதம் என்று அலுவலகத்தில் வேலை செய்யும் உறவினர் ஒரு கணக்குச் சொல்வார். அது முதலாளி தொழிலாளிக்குக் கொடுக்கும் பயணப்படி. நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது.

என் நண்பன் ஒருவன் விழுந்தது இந்தப் பின்னத்தில்தான். மிகவும் ஒழுங்கானவன். பெற்றோல் ரிசீட் ஒன்றுவிடாமல் சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைத்திருந்தான். வரி நிரப்பிக் கொடுத்தவர் கிலோமீற்றர் எத்தனை என்று கேட்கவே இல்லை. 90 வீதம் என்று தானே போட்டார். நல்ல தொகை திரும்பி வந்தது, ஆளைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லியும் விட்டான். பிறகு சி.ஆர்.ஏ-யிடமிருந்து கடிதம் வந்தது. பெட்டியில் இருந்த ரிசீட்டை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஓட்டப் பதிவேடு எங்கே என்றார்கள்.

வரி நிரப்பியவரிடம் ஓடினான். “இப்ப இருந்து எழுதும்” என்றார் அந்தப் புண்ணியவான். இவனும் ஒரு கொப்பியை வாங்கி, ஒரே பேனாவால் ஒரு வருடத்தையும் எழுதினான். கார் திருத்தகத்தில் கிடந்த வாரத்திலும் அந்தக் கொப்பியில் கார் ஓடியது. திருத்தகப் பில்லில் திகதியும் ஓடோமீற்றர் எண்ணும் அச்சாக இருக்கின்றன; அந்தப் பில்லை இவனே செலவுக் கணக்கோடு இணைத்து அனுப்பியிருக்கிறான். அதற்குப் பிறகு உண்மையாக ஓடியதைக்கூட நம்பவைக்க முடியவில்லை. வந்த காசும் போய், வட்டியும் சேர்ந்தது.

90 வீதம் என்ற எண்ணே என்னைக் கேட்டால் சிரிப்புக்குரியது. சனி ஞாயிறில் நமக்கு அரங்கேற்றம், சாமத்தியவீடு, கோயில், பிள்ளையின் மிருதங்க வகுப்பு, விமான நிலையத்தில் யாரையாவது ஏற்ற வேண்டும். ஒரு காரை மட்டும் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் அதைச் சொந்த அலுவலுக்கு எடுக்கவே இல்லை என்று எந்த அதிகாரி நம்புவார்? வீட்டிலிருந்து தினமும் ஒரே களஞ்சியத்துக்குப் போய்ப் பொதி ஏற்றுகிறவர்கள், அந்த முதல் ஓட்டத்தையும் சி.ஆர்.ஏ சொந்த ஓட்டமாக எடுக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பதிவேடு பெரிய வேலை இல்லை. ஜனவரி 1 காலையில் ஓடோமீற்றரைப் படம் எடுங்கள், டிசம்பர் 31 இரவு இன்னொன்று. நடுவில் தொடங்கியவர் தொடங்கிய நாளில் எடுக்கட்டும். ஒவ்வொரு வேலை ஓட்டத்துக்கும் திகதி, போன இடம், எதற்காக, எத்தனை கிலோமீற்றர். “மார்ச் 4, மார்க்கம், பொதி விநியோகம், 62 கி.மீ.” அவ்வளவுதான். செயலி தரும் ஆண்டுச் சுருக்கத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள்; காரின் மொத்த ஓட்டம் அதற்குத் தெரியாது. 407 என்ற கட்டணப் பெருந்தெருவில் ஓடுகிறவர்களுக்கு அந்தப் பில்லில் திகதியும் நேரமும் வருவது நல்ல துணைச் சான்று. முதல் வருடம் முழுதாக எழுதிவிட்டால், பின்வரும் வருடங்களில் தொடர்ச்சியான 3 மாதப் பதிவே போதும், வீதம் முதல் வருடத்திலிருந்து 10 வீதப் புள்ளிக்கு மேல் விலகாத வரை.

வரி நிரப்பக் கொடுக்கும்போது ஆள் தமிழர், ஊர்க்காரர், கோயிலில் கண்டவர் என்பதைப் பார்க்காதீர்கள். கிலோமீற்றர் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காவிட்டால் எழுந்து வாருங்கள். இங்கே யாரும் மேசை போட்டு வரி நிரப்பலாம், அதற்கு உரிமம் தேவையில்லை. பிழை வந்தால் பொறுப்பு உங்கள் பெயரில்தான். தெரிந்தே கூட்டிக் காட்டியதாக முடிவு செய்தால், குறைத்துக் காட்டிய வரியில் 50 வீதம் தண்டம். கடிதம் ஏற்கெனவே வந்து, கூடுதல் வரி போட்டுவிட்டார்கள் என்றால் ஆட்சேபிக்கப் பொதுவாக 90 நாள் இருக்கிறது. அந்த நாட்களைப் புதுக் கொப்பி எழுதுவதில் கழிக்க வேண்டாம். சந்திப்புக் குறிப்பு, வாடிக்கையாளர் செய்தி, திருத்தகப் பில் என்று உண்மையாக இருப்பதைச் சேர்த்துக்கொண்டு, கணக்காளர் பட்டம் உள்ள ஒருவரிடம் போங்கள்.

எல்லாவற்றையும் 6 வருடம் வைத்திருக்க வேண்டும். பெற்றோல் நிலைய ரிசீட்டில் எழுத்து அதற்கு முன்பே வெளுத்துவிடும், அதனால் வாங்கிய அன்றே கைபேசியில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள்.