புதுப்பள்ளி மரவீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், தென்னிந்தியப் பழைய வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போனால் செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையிலேயே பொழுதைக் கழித்துவிடாதீர்கள். முதலில் கேரள வீடுகள் பக்கம் நடங்கள். கோட்டயம் அருகே புதுப்பள்ளியில் 1850-இல் கட்டிய சிரியன் கிறிஸ்தவர் வீடு அங்கே நிற்கிறது. ஊரில் இருந்த வீட்டைக் கட்டை கட்டையாகக் கழற்றி, கொண்டுவந்து மறுபடி பொருத்தியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாளில் காலை பத்து மணிக்குத் திறந்ததுமே போய்விடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் வீட்டை நிதானமாகப் பார்க்கலாம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஏறினால் போதும்.

உள்ளே போனதும் நெல்லறையைத் தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கைபேசி விளக்கை நேராக அடிக்காமல், பலகையை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்துபோகும் உளித்தடமும் இழைப்புளித்தடமும் அப்போதுதான் கண்ணில் படும். பிறகு தூணும் உத்திரமும் சேரும் இடத்தை அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, இன்னொரு மரத்தின் துளையில் செருகிக் கோக்கிற வேலை இது. அப்படிக் கோத்ததால்தான் கழற்ற முடிந்தது; ஆணியடித்து இறுக்கியிருந்தால் பிடுங்கும்போதே பாதி மரம் பிளந்திருக்கும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு துண்டு மாறினாலும் கூரை உட்காராது.

பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் ஆச்சி வீடும் மரவீடுதான். பாகம் பிரித்தபோது விற்றார்கள். இரண்டே நாளில் கதவு, தூண், நெல் கொட்டிவைக்கும் பத்தாயம் எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. பத்தாயப் பலகையில் ஆச்சி கரிக்கட்டையால் போட்டிருந்த நெல் கணக்குக் கோடுகளை யாரும் படம்கூட எடுத்து வைக்கவில்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை. உங்கள் வீட்டில் இப்படிப் பேச்சு நடந்தால், விலை பேசும் முன் ஒவ்வொரு அறையையும் படமெடுங்கள், அளந்து எழுதி வையுங்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்த பெரியவர் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். நான் அம்மாவை அழைத்துப் போனேன். தூண், உத்திரம் எதையும் அவர் பார்க்கவில்லை. நெல்லறைப் பலகையில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். "மாடியில் வெயில் ஏறுமுன் நெல்லைக் கொட்டணும்டா" என்றார். அரைமணி நேரம் நான் குறுக்கே பேசவில்லை.