குளோவர் பூத்துக் குலுங்குது, விதையை மட்டும் காணோமா?

தீவனப் பயிரான குளோவரின் பழுத்துக் காய்ந்த பூக்கொத்து ஒன்றைப் பறித்து, ஒவ்வொரு சின்னப் பூவாக உதிர்த்து, உள்ளங்கையில் தேய்த்து விதையை எண்ணுங்கள். உர மூட்டையை அதற்கப்புறம் பிரிக்கலாம்.

சிவப்புக் குளோவர் பூவின் சூற்பையில் விதையாக வளரக்கூடிய சூல் இரண்டே, அதிலும் பெரும்பாலும் ஒன்றுதான் முற்றி விதையாகும், அதனால் பூவுக்கு ஒன்று கிடைத்தாலே சந்தோஷப்படலாம். வெள்ளைக் குளோவரில் சூல்கள் அதிகம், மூன்று நான்கு விதைகூட வரும்.

முக்கால்வாசிப் பூ காலியாக இருந்தால் நான் முதலில் தேடுவது தேனீயைத்தான். இந்த இரண்டு வகையும் தன் மகரந்தத்தைத் தானே ஒதுக்கிவிடும், பக்கத்துச் செடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். டார்வின் இதைச் சோதித்து எழுதினார்: திறந்திருந்த 100 சிவப்புக் குளோவர் கொத்துகளில் 2,700 விதை, பூச்சி நெருங்காமல் மூடி வைத்த 100 கொத்துகளில் ஒன்றுகூட இல்லை! அதிலும் சிவப்புக் குளோவரின் பூக்குழல் ஆழமானது, சாதாரணத் தேனீயின் நாக்குக்கு அடியிலுள்ள தேன் லேசில் எட்டாது, நீள நாக்குப் பம்பிள் தேனீ வந்தால்தான் வேலை சுத்தமாக நடக்கும். இதற்காகவே 1885-இல் நியூசிலாந்துக்கு இங்கிலாந்திலிருந்து அவற்றைக் கப்பலில் கொண்டுபோனார்கள்.

தேனீ வந்ததா என்று பூவே சொல்லும். மகரந்தம் சேர்ந்த பூ சீக்கிரம் வாடித் தொங்கும், சேராதது நாள்கணக்கில் புதுசாகவே நிற்கும். வயல் ரொம்ப நாள் அழகாக இருந்தால் கவலைப்படுங்கள். பூக்கும் சமயத்தில் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். சிவப்புக் குளோவரில் முதல் வளர்ச்சியைத் தீவனத்துக்கு அறுத்துவிட்டால், அடுத்த பூப்பு தேனீ நிறைய நடமாடும் வெயில் நாள்களில் விழும்படி பார்த்துக்கொள்ளலாம்.

தேனீ போதுமான அளவு வந்தும் விதை குறைவா? தண்ணீரைப் பாருங்கள். தாராளமாகப் பாய்ச்சினால் இலைதான் மண்டும், பூ நிழலில் மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் காயவிட்டால் பூ கூடும், ஆனால் செடி துவளும் அளவுக்கு விட்டால் சூல்கள் பாதியிலேயே கருகிவிடும். தழைச்சத்து போடவே தேவையில்லை, வேர்முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றிலிருந்தே அதைப் பிடித்துக் கொடுத்துவிடும். போரான் என்ற நுண்ணூட்டச் சத்து குறைந்தால் மகரந்தக்குழாய் சரியாக வளராது, சூல் கருவுறாது. ஆனால் அது கொஞ்சம் கூடினாலும் நஞ்சு, எனவே மண் பரிசோதனை இல்லாமல் தூவாதீர்கள்.

சில சூல்கள் பிறவியிலேயே மலடு. நான்மடிய ரகங்களும், அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் நான்கு குரோமோசோம் தொகுதி கொண்ட சிவப்புக் குளோவர் ரகங்களும், தீவனம் தரும் அளவுக்கு விதை தராது. அங்கே ரகத்தை மாற்றுவதுதான் வழி.